அடைக்கலத்துக்கு அபராதம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் லிங்கனும் பருத்தித் தோட்டங்களும் நினைவுக்கு வருவது வழக்கம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்குத் ‘தப்பியோடிய அடிமைகள் சட்டம்’ என்ற பெயரும் ஞாபகம் இருக்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓடிவந்தவர்களைப் பிடித்து எஜமானர்களிடமே ஒப்படைக்க 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. போரின் காரணங்களைப் பட்டியல் போடும் புத்தகங்களில் அதற்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு. ஆனால் அதன் பூர்வீகம் அமெரிக்கா இல்லை. அதன் மூதாதையைப் பார்க்க வேண்டுமானால் பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அங்கே இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, கி.மு. 1750-ஐ ஒட்டித் தன் சட்டங்களைப் பொறித்துவைத்த கல். பின்னாளில் ஈலாம் நாட்டு அரசன் ஒருவன் போர்க்கொள்ளையோடு அதையும் ஈரானிலுள்ள சூசாவுக்குத் தூக்கிப்போனான். அங்கே மண்ணுக்குள் கிடந்ததை 1901-இல் தோண்டியெடுத்த பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்குத் தூக்கிவந்தார்கள். இப்படிக் கைமாறி வந்த கல்லில், ஓடிப்போன அடிமைகளைப் பற்றி வரிசையாக ஆறு விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு விஷயம் கண்ணில் படும். ஓடியவனை என்ன செய்வது என்பதில் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அதன் கண்ணெல்லாம் அக்கம்பக்கத்தார் மேல்தான். அடிமையை நகர வாசல் வழியே வெளியே விட்டவனுக்கு மரண தண்டனை. தண்டோரா போட்ட பிறகும் வீட்டுக்குள் ஒளித்துவைத்திருப்பவனுக்கும் மரண தண்டனை. வெட்டவெளியில் பிடித்துக்கொண்டுவந்து கொடுப்பவனுக்கு 2 ஷெக்கல் வெள்ளி, அதாவது சுமார் 16 கிராம்.

காரணம் எளிது. எஜமானன் ஒருவனால் இன்னொரு மனிதனை ஆயுள் முழுக்கக் கட்டிவைக்க முடியாது. அவனும் தூங்கித்தானே ஆக வேண்டும். ஊரே காவல் இருந்தால்தான் அது நடக்கும். ஊரைக் காவலுக்கு நிறுத்தப் பயமும் வேண்டும், பரிசும் வேண்டும். இந்தச் சூத்திரத்தை அடுத்த மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதும் உண்டு, தானாகவே அதே இடத்துக்கு வந்துசேர்ந்ததும் உண்டு.

ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்கக் கூடாது, அவன் விரும்பும் ஊரில் உங்களோடு குடியிருக்கட்டும் என்று விவிலியத்தின் உபாகமம் நேர் எதிராகச் சொல்கிறது. அதே விவிலியத்தில் பவுல், ஒநேசிமு என்பவரை அவருடைய எஜமான் பிலேமோனிடம் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக நடத்தாமல் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அதில் கேட்டுக்கொள்கிறார். பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து அமெரிக்காவில், அடிமைமுறையை எதிர்த்தவர்கள் உபாகமத்தைக் காட்டினார்கள், ஆதரித்தவர்கள் பிலேமோன் கடிதத்தைக் காட்டினார்கள். சகோதரன் என்று வரும் இடத்தில் மட்டும் தெற்கத்தியப் போதகர்களின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

பரிசு அறிவிப்பின் கதை தனி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஓடிப்போன ஓர் அடிமையைத் தேடி எழுதிய கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆள் பெயர் ஹெர்மோன், சிரியாக்காரன், வயது பதினெட்டு இருக்கும். நடுத்தர உயரம், தாடி இல்லை, முகவாயில் குழி, மூக்கின் இடப்பக்கம் மச்சம், வாயோரத்தில் தழும்பு, வலது மணிக்கட்டில் பச்சை குத்திய இரண்டு அந்நிய எழுத்துகள். பிடித்துவந்தால் ஒரு தொகை. கோயிலில் அடைக்கலம் புகுந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தால் அதைவிடக் குறைவு. வழக்குப் போட்டு வசூலிக்கத் தோதான வசதியுள்ள ஒருவர் வீட்டில் இருப்பதாகத் துப்புக் கொடுத்தால் எல்லாவற்றையும்விட அதிகம். ஹெர்மோனைவிட அவனுக்குச் சோறு போட்டவர் மேல்தான் எஜமானுக்கு நாட்டம்.

ரோமானியர்கள் இதைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். ஓடியவர்களைப் பிடித்துப் பிழைக்கும் ஆட்கள் அங்கே தனியாக இருந்தார்கள். விளம்பரத்தை ஆளின் கழுத்திலேயே மாட்டிவிடும் வழக்கமும் வந்தது. ரோம் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் இரும்புக் கழுத்து வளையத்தில் சின்னப் பட்டை தொங்குகிறது. நான் ஓடிவந்தவன், பிடித்து என் எஜமான் ஸோனினஸிடம் சேர்ப்பவருக்கு ஒரு தங்கக் காசு கிடைக்கும் என்று, அதை மாட்டியிருப்பவனே பேசுவது போல எழுதியிருக்கிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டிய ஆங்கிலேயர்களின் மூட்டை முடிச்சுகளில் இந்தச் சூத்திரமும் இருந்தது. 1640-இல் வர்ஜீனியாவிலிருந்து மேரிலாந்துக்கு மூன்று பணியாட்கள் ஓடினார்கள்: ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பினத்தவர். மூவரும் பிடிபட்டார்கள், மூவருக்கும் சவுக்கடி. வெள்ளையர் இருவருக்கும் கூடுதலாகச் சில ஆண்டு வேலை. ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க ஊழியம். மூன்றே ஆண்டுகளில், 1643-இல், வடக்கே பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் நான்கு குடியேற்றங்கள் ஒரு கூட்டமைப்பு உண்டாக்கின. ஓடிவந்த பணியாளை ஒரே ஒரு நீதிபதியின் சான்றிதழைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. பின்னாளில் தப்பி வந்தவர்களின் புகலிடமாகப் பெயரெடுத்த பாஸ்டன்வாசிகளின் முன்னோர்தான் இதில் கையெழுத்திட்டவர்கள்.

உண்மையான நகல் வியாபாரம் கரும்புத் தீவுகளில் நடந்தது. பார்படோஸ் தோட்ட முதலாளிகள் 1661-இல் ஒரு முழு அடிமைச் சட்டம் எழுதினார்கள். சீட்டு இல்லாமல் அடிமை தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது; சீட்டு இல்லாத ஆள் தன் தோட்டத்துக்குள் வந்தும் பிடிக்காமல் விட்ட வெள்ளையருக்கே அபராதம், அதுவும் சர்க்கரையாக. ஜமைக்கா 1664-இல் அதை எடுத்தாண்டது. பார்படோஸில் இடம் போதாமல் போனவர்கள் தங்கள் அடிமைகளோடு கரோலினாவுக்குக் கப்பலேற, சட்டமும் கூடவே கப்பலேறி 1690-களில் தென் கரோலினாவில் இறங்கியது. பக்கத்து ஃபுளோரிடாவை வைத்திருந்த ஸ்பெயின் மன்னர் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலேயரிடமிருந்து ஓடிவந்து கத்தோலிக்கராக மாறுபவருக்கு விடுதலை என்று 1693-இல் ஆணையிட்டார். அப்படி வந்தவர்களுக்காக 1738-இல் மோஸே என்ற கோட்டையூரே எழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்றால் ஆட்கள் எந்தத் திசையில் நடப்பார்கள் என்பதை அமெரிக்கா அப்போதே பார்த்துவிட்டது.

செய்தித்தாள்கள் வந்தன; அலெக்சாந்திரியா அறிவிப்புக்கு மறுபிறவி கிடைத்தது. 1769 செப்டம்பரில் ‘வர்ஜீனியா கெஸட்’ இதழில் வந்த விளம்பரம் ஒன்றைப் பாருங்கள். சாண்டி என்பவர் ஓடிவிட்டார், வயது 35 இருக்கும், செருப்புத் தைப்பவர், பெரும்பாலும் இடது கையால் வேலை செய்வார், வெள்ளைக் குதிரை ஒன்றையும் தைக்கும் கருவிகளையும் கொண்டுபோயிருக்கிறார். உள்ளூரில் பிடித்தால் 40 ஷில்லிங், குடியேற்ற எல்லைக்குள் என்றால் 4 பவுண்டு, வெளியே என்றால் 10 பவுண்டு. பழைய பாப்பிரஸ் போலவே இதிலும் இடத்துக்கு ஏற்றபடி மூன்றடுக்குப் பரிசு. கீழே கையெழுத்து: தாமஸ் ஜெஃபர்சன். ஏழே ஆண்டுகளில், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்த சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே கை.

அந்தக் கை 1784-இல் இன்னொன்றும் எழுதியது: மேற்கே புதிதாகக் கிடைத்த நிலப்பரப்புகளில் 1800-க்குப் பிறகு அடிமைமுறை கூடாது என்ற வரைவு. நியூ ஜெர்சிப் பிரதிநிதி ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டதால், ஒரே ஓட்டில் அந்தப் பிரிவு விழுந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1787 ஜூலையில், நியூயார்க்கில் கூடிய காங்கிரஸ் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடை செய்தபோது ஜெஃபர்சனின் வாசகங்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் கூடவே ஒரு வால் ஒட்டியிருந்தது. அங்கே ஓடிவருபவர்களை எஜமானர்கள் வந்து பிடித்துப் போகலாம். தடையும் விலக்கும் ஒரே பத்தியில்.

அதே கோடையில் பிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓடிய அடிமைகளைக் குற்றவாளிகளைப் போலவே திருப்பித் தர வேண்டும் என்று ஆகஸ்ட் 28 அன்று எழுந்து கேட்டவர்கள் பட்லர், பிங்க்னி என்ற இருவர். எந்த ஊர்க்காரர்கள்? பார்படோஸ் சட்டம் வந்திறங்கிய அதே தென் கரோலினா. குதிரை ஓடினால் அரசாங்கமா பிடித்துத் தருகிறது, அடிமைக்கு மட்டும் எதற்கு என்று கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் இடக்காகக் கேட்டார். கேட்டதோடு சரி. மறுநாள் விவாதமே இல்லாமல் அந்தப் பிரிவு நிறைவேறியது. யார் பிடிப்பது, யார் செலவு செய்வது, தவறான ஆளைப் பிடித்தால் என்ன என்று எதையும் அது சொல்லவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கும் வேலையை ஒரு நில அளவை ஆரம்பித்துவைத்தது. ஜான் டேவிஸ் என்ற அடிமையின் எஜமானர், தான் வர்ஜீனியாவில் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். எல்லையை அளந்தபோது அந்த இடம் பென்சில்வேனியாவுக்குள் போய்விட்டது. அடிமைகளைக் குறித்த காலத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அவர்களுக்கு விடுதலை என்பது பென்சில்வேனியாச் சட்டம், எஜமானர் பதியவில்லை. டேவிஸ் சுதந்திர மனிதரானார். 1788-இல் மூன்று வர்ஜீனியர்கள் வந்து அவரைக் கடத்திப்போனார்கள். கடத்தியவர்களை ஒப்படையுங்கள் என்று பென்சில்வேனியா ஆளுநர் கேட்க, வர்ஜீனியா ஆளுநர் மறுக்க, விவகாரம் வாஷிங்டன் அதிபர் வழியாகக் காங்கிரசுக்குப் போனது. கடத்தலிலிருந்து காப்பாற்றச் சட்டம் கேட்டுப் போனால், பிடித்துப் போவதற்கு வழி செய்யும் சட்டம் வந்தது. 1793 பிப்ரவரியில் கையெழுத்தான அச்சட்டப்படி, எஜமானரோ அவருடைய ஆளோ நேரில் பிடித்து உள்ளூர் நீதிபதியிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். குறுக்கே வருபவருக்கு 500 டாலர் அபராதம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. டேவிஸுக்கு விடுதலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

கையெழுத்துப் போட்டவர் வீட்டிலேயே சோதனை வந்தது. 1796 மே மாதம், அதிபர் வாஷிங்டனின் மனைவிக்குப் பணிவிடை செய்துவந்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருந்த நேரத்தில் வெளியே நடந்து, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். பிலடெல்ஃபியா நாளிதழில் பத்து டாலர் பரிசு அறிவிப்பு வந்தது. வாஷிங்டனோ தன் சட்டம் காட்டிய வழியில் நீதிபதியிடம் போகாமல், அங்கிருந்த சுங்க அதிகாரிக்குச் சத்தமில்லாமல் சொல்லியனுப்பினார். ஓனா பிடிபடவில்லை. 1848 வரை வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

வடக்கு மாநிலங்கள் மெல்ல மெல்லத் தங்கள் கையை விலக்கிக்கொண்டன. மார்கரெட் மார்கன் என்ற பெண்ணைப் பென்சில்வேனியாவிலிருந்து இழுத்துப்போன வழக்கில், 1842-இல் உச்ச நீதிமன்றம் எஜமானர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் இது மத்திய அரசின் வேலை, மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் வந்துவிட்டது. அந்தச் சந்தில் வடக்கு புகுந்தது. எங்கள் காவலர் பிடிக்க மாட்டார், எங்கள் சிறை பூட்டாது என்று மசாசூசெட்ஸ் 1843-இல் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. இப்போது நகலெடுப்பது மறுதரப்பு.

இதற்குப் பதில்தான் 1850 செப்டம்பர் 18 அன்று அதிபர் ஃபில்மோர் கையெழுத்திட்ட சட்டம். வரைந்தவர் வர்ஜீனியா செனட்டர் ஜேம்ஸ் மேசன். விசாரணைக்கு மத்திய அரசின் கமிஷனர்கள். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சி சொல்லவும் கூடாது. ஓடியவர் கைதவறினால் மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் நஷ்டஈடு தர வேண்டும். அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். தெருவில் போகிற எவரையும் மார்ஷல் துணைக்குக் கூப்பிடலாம். வர வேண்டியது குடிமகனின் கடமை. ஹம்முராபியின் ஆட்களிடம் காட்டியிருந்தால் தண்டனை மட்டும் ரொம்ப மிருது என்று சொல்லியிருப்பார்கள். இவற்றையெல்லாம்விட ஊரார் வாயில் அதிகம் அடிபட்டது ஒரு சின்னக் கட்டணம். பிடிபட்டவரை எஜமானரிடம் ஒப்படைத்தால் கமிஷனருக்கு 10 டாலர். விட்டுவிட்டால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்பது காரணமாம்.

அதுவரை அடிமைமுறை என்பது வடக்கத்தியர்களுக்கு எங்கோ தூரத்துப் பாவம். இந்தச் சட்டம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. சட்டம் வந்த எட்டாம் நாளே நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹாம்லெட் பிடிபட்டார். ஊர் மக்கள் 800 டாலர் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். 1851 பிப்ரவரியில் பாஸ்டன் காப்பிக் கடைப் பரிசாரகர் ஷாட்ராக் மின்கின்ஸை நீதிமன்றத்துக்குள்ளிருந்தே கறுப்பின மக்கள் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. அவர் மான்ட்ரியல் சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில், ஆட்களைப் பிடிக்கவந்த மேரிலாந்து எஜமானர் எட்வர்ட் கோர்சச் மோதலில் செத்துவிழுந்தார்.

1854-இல் பாஸ்டனில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தோணி பர்ன்ஸ், இருபது வயது, வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்தவர். துணிக்கடை ஒன்றில் வேலை. ஊரில் அடிமையாக இருந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று அதைக் கனடா வழியாக அனுப்பியவர், கடிதத் தலைப்பில் மட்டும் பழக்கதோஷத்தில் பாஸ்டன் என்று எழுதிவிட்டார். கடிதம் எஜமானர் கைக்குப் போனது. மே 24 மாலை, நகைக்கடைத் திருட்டு என்று பொய்ச் சாக்குச் சொல்லிப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூட்டம் நீதிமன்றக் கதவை உடைக்க முயன்றதில் காவலர் ஒருவர் இறந்தார். எஜமானர் 1,200 டாலருக்கு விற்கவும் சம்மதித்தார். பாஸ்டன் போதகர் லெனர்ட் கிரைம்ஸ் சனிக்கிழமை இரவுக்குள் பணத்தையும் திரட்டிவிட்டார். அரசு வழக்கறிஞர் ஏதேதோ ஆட்சேபம் சொல்லி இழுத்தடிக்க, மணி பன்னிரண்டு தாண்டி ஞாயிறு பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விற்பனை செல்லாது. ஜூன் 2 அன்று ராணுவம் புடைசூழப் பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திப்போனார்கள். வழிநெடுக ஜன்னல்களில் கறுப்புத் துணி, தெருவுக்குக் குறுக்கே தொங்கிய சவப்பெட்டி, இருபுறமும் ஆயிரக்கணக்கானோர். தெற்கத்தியப் பருத்தியை நம்பித் தொழில் செய்த துணி வியாபாரி ஏமோஸ் லாரன்ஸ், பழைய மிதவாதிகளாகப் படுக்கப்போன தாங்கள் அடிமை ஒழிப்பில் வெறிகொண்டவர்களாக விழித்தெழுந்தோம் என்று உறவினருக்கு எழுதினார். மறு ஆண்டு கிரைம்ஸ் 1,300 டாலர் கொடுத்துப் பர்ன்ஸை மீட்டார்.

வாதங்கள் இடம் மாறிய வேடிக்கையும் நடந்தது. மாநில உரிமை என்று எப்போதும் முழங்கிய தெற்கு, மத்திய அரசின் படையை அனுப்பச் சொன்னது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றமோ, ஜோஷுவா குளோவர் என்பவரை மில்வாக்கிச் சிறையிலிருந்து மக்கள் மீட்ட விவகாரத்தில், மத்திய அரசின் சட்டமே செல்லாது என்றது. 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1860 டிசம்பரில் பிரிந்துபோகக் காரணம் சொல்லித் தென் கரோலினா வெளியிட்ட அறிக்கை, ஓடியவர்களைத் திருப்பித் தராத வடமாநிலங்களைப் பெயர் பெயராகப் பட்டியல் போட்டது.

பிரிந்துபோனதே அந்தச் சட்டத்துக்கு எமனானது. 1861 மே 23 அன்று வர்ஜீனியா மக்கள் பிரிவினைக்கு ஓட்டுப்போட்டார்கள். அன்றிரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகேறி, வடக்கின் வசம் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்தார்கள். 1619-இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்த கப்பல் கரை தொட்டதும் கோட்டை நிற்கும் அதே முனையில்தான். மறுநாள் வெள்ளைக்கொடியோடு வந்த தெற்கத்திய மேஜர், சட்டப்படி மூவரையும் திருப்பிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல். வர்ஜீனியா தனி நாடு என்கிறீர்கள், வெளிநாட்டுக்கு எங்கள் சட்டம் செல்லாது. நீங்கள் போருக்குப் பயன்படுத்திய சொத்தைப் பறிமுதல் செய்கிறேன் என்று அனுப்பிவைத்தார். செய்தி பரவியது, கோட்டையை நோக்கி நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். ஓடிவருபவர்களைத் திருப்பித் தரக் கூடாதென்று 1862 மார்ச்சில் ராணுவத்துக்கு உத்தரவு வந்தது. 1864 ஜூன் 28 அன்று சட்டமே ரத்தானது. 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த பதிமூன்றாவது திருத்தம், 1787-இன் அந்தப் பழைய பத்தியைத்தான் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. ஓடியவர்களைப் பிடிக்கும் வாலை மட்டும் நறுக்கிவிட்டார்கள்.

நகலெடுப்பு அத்தோடு முடியவில்லை. விடுதலையானவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1866-இல் குடிமை உரிமைகள் சட்டம் எழுத உட்கார்ந்த இல்லினாய் செனட்டர் லைமன் டிரம்புல், செயல்படுத்தும் வழிமுறைகளை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? 1850 சட்டத்திலிருந்து. அதே கமிஷனர்கள், அதே மார்ஷல்கள், குறுக்கே வருபவருக்கு அதே 1,000 டாலர் அபராதம், அதே ஆறு மாதச் சிறை. அவர் இதை மறைக்கவும் இல்லை. விடுதலைக்கு உதவியவர்களைத் தண்டிக்கச் செய்த ஏற்பாடு, இனி அடிமைத்தனத்தில் பிடித்துவைக்க நினைப்பவர்களைத் தண்டிக்கட்டும் என்று செனட்டிலேயே சொன்னார். கமிஷனரின் கட்டணத்தில் மட்டும் கைவைத்திருந்தார்கள்: தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் வழக்குக்குப் பத்து டாலர். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் தடையை மீறி நிறைவேறிய அச்சட்டத்தின் சில பிரிவுகள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. நிறத்தைக் காரணம் காட்டி வேலையோ வீடோ மறுக்கப்பட்டவர்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் இப்போதும் அவற்றைச் சுட்டித்தான் வழக்குத் தொடுக்கிறார்கள்.